ஜமீலா டீச்சர் தெருவில் கட்டிய வெள்ளைத் துணிகள்

"டீச்சரம்மா போயிட்டாங்க" என்று வடக்குத்துக் கிராமத்திலிருந்து டீச்சரின் எதிர்வீட்டு அஞ்சலை போன் செய்தபோது, நான் டவுன்ஷிப் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "ஒருவழியா பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிட்டாளா? நல்ல காரியம்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் வந்தது. முருங்கைக்காய்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்கார ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

நம் பள்ளியில் அவளோடு வேலை பார்த்தவர்களும் அவளிடம் புவியியல் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால், மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். உங்களுக்கு அவள் டீச்சர், எனக்கு ஜமீலா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது நெல்லிக்குப்பத்தில். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கட்டிக்கொண்டது அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் ஷிஃப்ட் பார்த்த ரஹீம் அண்ணனை. "பொறந்த ஊர்ல ஆலைக் கரி, வாழ வந்த ஊர்ல அனல் சாம்பல். எனக்கோ வெள்ளப் பொடவைனா உயிரு. என் தலையெழுத்தப் பாத்தியா கோமதி?" என்பாள். சொல்லிவிட்டு மறுநாளே வெள்ளைப் புடவையில் வந்து நிற்பாள்.

தொழிற்சாலைகளின் அமைவிடம் என்று ஒரு பாடம் உண்டு. எந்த ஆலை எந்த ஊரில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது அதில் வரும். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த நான், அவள் அந்தப் பாடத்தை எடுத்தால் என் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுக் காது கொடுப்பேன். "கரும்பு வெட்டின சூட்டோட பிழியணும், அதனால ஆலை கரும்புக் கொல்லை பக்கத்துல. நம்ம பழுப்பு நிலக்கரி ஈரம் நிறைஞ்சது. தூரமா கொண்டுபோனா தண்ணியத்தான் சுமக்கணும். அதனால தோண்டின எடத்துலயே எரிக்கிறோம். கரண்ட்டு கம்பில ஏறி ஊர் ஊரா போயிடுது. சாம்பலுக்குத்தான் போக எடமில்ல." இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்வாள்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நம் ஊர்ப் பெண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துணி காயப்போடும் முன் புகைபோக்கியைப் பார்த்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று தெரிந்துகொள்வோம். எடுக்கும்போது இரண்டு உதறு உதறாமல் மடிக்க மாட்டோம். அப்படி ஒருநாள் உதறிக்கொண்டே புகையை நான் வாய்க்கு வந்தபடி திட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் ஜமீலா எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் மெதுவா திட்டு கோமதி. எங்க வூட்டுக்காரரு அதுக்குக் கீழதான் நின்னுகினு இருக்காரு. உன் பென்ஷனும் என் பென்ஷனும் அதுலதான் வெந்துகினு இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அவர்கள் வடக்குத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போய்க் கொஞ்ச காலத்திலேயே ரஹீம் அண்ணன் காலமானார். அவளுக்கு மூச்சுத் தொல்லை தொடங்கியதும் அங்கேதான். அந்தத் தெரு வழியாக ஒரு செங்கல் சூளைக்காரரின் லாரிகள் சாம்பல் ஏற்றிக்கொண்டு போகும். தார்ப்பாய் கிடையாது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் தெருவே மாவு மில் ஆகிவிடும். கதவு, சன்னல் எல்லாம் எப்போதும் சாத்தியே இருக்கும். தெருவில் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க முடியாது. எதிர்வீட்டு அஞ்சலையின் பேரன் பாதி நாள் இழுப்போடு படுத்திருப்பான்.

"இந்தத் தூசியில் இருக்காதீங்க, இருந்தா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷாஹிதா வாரந்தோறும் போனில் கெஞ்சினாள். நானும் மகள் பக்கம்தான். நேரில் போய்க் கத்தினேன். "பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்குடி! மூட்டையைக் கட்டு!"

அவள் நிதானமாகச் சொன்னாள்: "எனக்குக் கோயம்புத்தூர்ல பொண்ணு இருக்கா, போயிடுவேன். இந்தப் புள்ளைங்களுக்கு அங்க யாரு இருக்கா? லாரிங்க மூடிகினு போகட்டும். அப்புறம் வரேன்னு ஷாஹிதாகிட்ட சொல்லிட்டேன்."

லாரிகளை மூடச் சொல்லி அவள் மனுவோடு ஆபீஸ் ஆபீஸாகப் பலமுறை அலைந்த பிறகு, நேரில் வந்து பார்ப்பதாக ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டார். ஜமீலாவுக்கு ஒரே உற்சாகம். ரஹீம் அண்ணனின் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, லாரி திரும்பும் முனையிலிருந்து பின்தெரு வரை வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். "கொடியில கட்டி அப்படியே வுட்டுடுங்க. எந்த வூட்டுல எவ்ளோ சாம்பல் வுழுதுன்னு ஆபீசரு ஒரு நடை நடந்தா தெரிஞ்சிடும்" என்றாள். புவியியல் டீச்சர் தெருவையே வரைபடம் ஆக்கிவிட்டாள் என்று கேலி செய்தேன். இரண்டு மூன்று நாளிலேயே முனை வீட்டுத் துணி அடையாளம் தெரியாமல் ஆகியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அதிகாரி வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தெரு முழுக்க வேட்டித் துண்டுகள் பால் போலப் பளபளக்கின்றன! அஞ்சலை ஈரக் கையைத் துடைத்தபடி பெருமையாக வந்தாள்.

"ஆபீசரு வராருன்னு சொன்னீங்கல்ல டீச்சரம்மா. அழுக்குத் துணியத் தொங்கவுட்டுகினு இருந்தா நம்ம தெருவ என்னான்னு நெனப்பாரு? எல்லாரையும் வெடியக்காலம் எழுப்பி, தொவச்சி, நீலம் போட்டுக் கட்டியாச்சிங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு மருந்தை உறிஞ்சி, மறுபடியும் சிரித்தாள். "பாவம், அதுங்க கை சும்மா இருக்காது கோமதி. நானா இருந்தாலும் தொவச்சிருப்பேன்" என்றாள்.

ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டையில் அதிகாரி இறங்கி, கொடிகளைப் பார்த்தார். "எல்லாம் சுத்தமாத்தானேம்மா இருக்கு?" என்றார். நான் கத்தப் போனேன். ஜமீலா என் கையை அழுத்தினாள். "ஆமாங்க சார். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டாள். உள்ளே போனவள், வேண்டுமென்றே தாமதம் செய்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒரு லாரி போயிற்று. டீ வந்தது. இன்னொரு லாரி போயிற்று. அதிகாரி டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார், கண்ணைக் கசக்கினார், இருமினார். கடைசியில் எழுந்து நின்று சட்டையை இரண்டு உதறு உதறினார்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சலைதான் பொறுக்கமாட்டாமல், "கழட்டிக் குடுங்க சார், தொவச்சித் தரேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்து வந்த லாரியைத் தானே கை காட்டி நிறுத்தினார். சில வாரங்களில் தார்ப்பாய் வந்தது. சில வண்டிகளில் அது கிழிந்திருந்தது, சிலவற்றில் கயிறு தளர்ந்திருந்தது, ஆனாலும் வந்தது. ஏன் என்னைப் பேசவிடவில்லை என்று அன்றே கேட்டேன். "நீ கத்தியிருந்தா அவரு ஜீப்புல ஏறியிருப்பாரு. கொஞ்ச நேரம் நம்ம காத்தை அவரும் இழுக்கட்டும்னு உக்கார வச்சேன்" என்றாள். அவள் யாரையும் எதிரி ஆக்கிக்கொள்ளாமல் சண்டை போடத் தெரிந்தவள். எனக்கு இந்த வயதிலும் அது வரவில்லை.

லாரி மூடியாயிற்றே, இனியாவது கிளம்பு என்றேன். "நான் போயிட்டா கயிறு அவுந்துடும்" என்றாள். வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கண்டதும் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். அடுத்த மாசம், நோன்பு முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசி மாதங்களில் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. அப்போதும் போனில் ஷாஹிதாவிடம், "நல்லா இருக்கேன் கண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். அதற்காகவே மூச்சைச் சேர்த்து வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கபர்ஸ்தானுக்குப் போன பிறகு, வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். ஷாஹிதா என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். மெல்லக் கேட்டாள்: "அப்பவே என்கூட வந்திருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்கல்ல ஆன்ட்டி?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஜமீலாவின் மகளிடம் அது வாயில் வரவில்லை. "இருந்திருப்பாடி கண்ணு" என்றேன். இருவரும் அழுதோம்.

அப்போது வெளியே ஒரே கூச்சல். தெருப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் பேரன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அஞ்சலை பதறி எழுந்தாள். "துக்க வூட்டு வாசல்ல என்னாடா ஆட்டம்? வாயப் பொத்துங்கடா!"

ஷாஹிதா தலையைத் தூக்கினாள். "வேணாங்க, வெளையாடட்டும். இதுக்காகத்தானே எங்கம்மா என்கூட வராம இருந்தாங்க" என்றாள்.

அஞ்சலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைக்க ஓடி ஓடிக் கத்தும் அந்தப் பிள்ளைகளின் சத்தத்தைத்தான் ஜமீலாவின் மூச்சு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.