தூக்கணாங்குருவியின் வாய்

வள்ளூரில் அந்தத் தறிக்கூடத்தில் முதஸ்ஸிரைத் தூக்கணாங்குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்துக்குப் பின்னால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பனைமரங்களில் அந்தக் குருவிகள் அலகாலேயே நார் இழுத்துக் கூடு பின்னும். இவனுக்கும் வாயால்தான் வேலை. தறியில் குறுக்கே ஓடும் மர நாடாவில் நூல் தீர்ந்தால், நூல் சுற்றிய புதுக் கண்டை மாட்டி, நாடாவின் துளையில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் வெளியே வந்துவிடும், தறி மறுபடி ஓடும். இதற்கென்று முதலாளி கருணாகரன் வாங்கிப்போட்ட கொக்கிக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. முதஸ்ஸிருக்குத் தன் உறிஞ்சில் கொள்ளைப் பெருமை.

காலையில் அவன் ஓட்டும் தறியை மதியத்திலிருந்து அவன் மனைவி உமைமா ஓட்டுவாள். அதே நாடா, அதே துளை. அவளும் வாயால்தான் உறிஞ்சுவாள்.

ரம்ஜானுக்கு இரண்டு மாதம் முன்பு அவனுக்குக் காசநோய் என்று தெரிந்தது.

"பாய், வூட்டுக்காரம்மாவையும் கூட்டிகினு வாங்க, டெஸ்ட் எடுக்கணும்," என்றாள் சுகாதாரப் பணியாளர் மலர்.

தலையாட்டிவிட்டு வந்தவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தறியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். மாத்திரையைக் கூடத்து நூல்பெட்டியில் ஒளித்துவைத்து விழுங்கினான். நோன்பு வந்தது. பகலில் விழுங்க முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போனால் உமைமா கண்ணில் படும். ஒரு மாதம் முழுக்க விட்டுவிட்டான், பாவி.

பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் என்றும் சொல்ல முடியாது. பல்வலி என்று பொய் சொல்லித் தனித் தம்ளர் வைத்துக்கொண்டான். வாசற்படி ஓரம் படுத்தான். கூடத்தில் மட்டும் கொக்கியைத் தொடவில்லை. தொட்டால், குருவிக்கு இன்னாச்சு என்று நாலு பேர் கேட்பார்களே!

பக்ரீத் முடிந்தும் உமைமாவுக்கு இருமல் நிற்கவில்லை. அவனே அவளை மலரிடம் அழைத்துப்போனான். அவளுக்கும் காசநோய் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்த மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரம்ஜானுக்கு முன்னாடியே இவங்கள கூட்டியாரச் சொன்னேனே பாய்!"

வீடு வந்ததும் உமைமா உள்ளே போய் அவனுடைய தம்ளரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இத்த ஒதுக்கி வெச்சியே," என்றாள். "அந்த நாடாவ டெய்லி என் கையிலதான குடுத்த?"