அன்னத்துக்கு அலகு வைத்த எக்ஸ்ரே

எங்கள் வீட்டுத் தறியில் அன்னத்துக்கு அலகு முளைக்க வைத்தது நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதை இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வருடம் அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் தறியின் மிதிபலகையை அவரால் அழுத்த முடியவில்லை. அதனால் அம்மா தறியில் உட்கார்ந்தாள். நெய்யப் பாவு நூல் கொடுத்த முதலாளிக்கோ அரை மனசு. "மொதல்ல ஒரு பொடவைய முடிச்சுக் காட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாக வராவிட்டால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பார்டரில் வரிசையாக அன்னம். அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர் என் மாமா. கட்டம் கட்டமாகப் படம் போடுவார். ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை; கறுப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் அட்டையில் ஓட்டை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டைகள் மாலையாகத் தொங்கும். ஓட்டை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும். இது எனக்கு விளங்கிய நாளில் வகுப்பில் யாரோடும் பேசாமல் கர்வமாக இருந்தேன்.

பாதிப் புடவையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகி ஏழு அட்டைகள் அப்பளம்போல் நமத்துப்போயின. அன்னத்தின் கண்ணும் அலகும் அந்த ஏழில்தான் இருந்தன. மாமா புதிதாக வெட்டிக் கொடுத்தார். மறுநாளே அவையும் ஊறிப்போயின.

"மழ நிக்கட்டும்க்கா" என்றார் மாமா.

அந்தப் புடவை ஒரு கல்யாணத்துக்கு; முகூர்த்தம் நிற்குமா? அம்மா தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் களத்தில் இறங்கினேன். கல்யாணப் பத்திரிகையை வெட்டிப் பார்த்தேன், மடிந்தது. அட்டையில் மெழுகு தேய்த்தேன். பெட்டியின் ஊசிகளில் மெழுகு அப்பித் திட்டு வாங்கினேன். ஐஸ்கிரீம் டப்பா மூடி வளைந்தது. அப்புறம்தான் அப்பாவின் எக்ஸ்ரே கண்ணில் பட்டது. இரண்டு படங்கள். தினமும் காலையில் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பொழுது போகாமல் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"இத வெட்டிக்கட்டாப்பா? தண்ணி பட்டாலும் ஊறாது."

அப்பா படத்தை இன்னொரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெட்டிக்கோம்மா. காலு எங்கிட்டதான இருக்குது, படம் எதுக்கு?"

விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா அந்த ஏழு வரிசையைப் பிரிண்ட் எடுத்துத் தர, நானே எக்ஸ்ரேவை ஏழு துண்டாக வெட்டி, ஓட்டை போட்டுக் கோத்தேன். அம்மா நெய்தாள். அலகு வந்தது, ஆனால் வால் பக்கம் வந்தது. கண்ணும் கூடவே போயிருந்தது. அட்டையில் எண் எழுதிய பக்கம் முன்பக்கம் என்று தெரியும். எக்ஸ்ரேவுக்கு இரு பக்கமும் ஒரே முகம். நான் ஏழையும் திருப்பிக் கோத்திருந்தேன்.

"என்னாடி பண்ணிவெச்சிருக்குற?" என்றாள் அம்மா. ஆனால் அவள் வாயோரத்தில் சிரிப்பு. ஏழு இழையையும் பொறுமையாகப் பிரித்தாள். நான் துண்டுகளைத் திருப்பி, இனிமேல் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றின் வலது மூலையிலும் ஒரு வெட்டு வைத்துக் கோத்தேன்.

இந்தத் தடவை அலகு அதன் இடத்தில் உட்கார்ந்தது. வெளியே மழை கொட்டக் கொட்ட ஒவ்வொரு அன்னமாக வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். முதலாளி வந்து பார்டரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த பாவுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மழை விட்டதும் வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அந்தப் படங்களைக் காட்டி, மறுபடி தறியில் உட்கார முடியுமா என்று கேட்கத்தான் அப்பா அவற்றை வைத்திருந்தாராம். பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். அவர் அப்புறம் போகவேயில்லை.

எனக்கு அன்று எதுவும் தெரியாது. கத்தரி வழுக்குகிறது, கோணலாகப் போகிறது என்று அப்பாவையே படத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் வெட்டி முடிக்கும்வரை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.