வெறுங்கால் இஸ்மே

மீன் பெட்டியைத் திறக்கும் முன் இஸ்மே செருப்பைக் கழற்றிப் பலகைக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். பித்தளை லோட்டாச் செம்பிலிருந்து கடையின் நான்கு மூலையிலும் நீர் தெளிக்கிறாள். கைமணியை ஆட்டி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று முணுமுணுத்த பிறகே கத்தியைத் தொடுகிறாள். தீவின் அரிமா ஊர்ச் சந்தைக்கு இது பழகிய சத்தம். லோட்டா, பக்கத்துக் காய்கறிக்கடை ராம்தீனின் அம்மா கொடுத்தது. மணி, அவள் தாயுடையது. பாடிக் கூவிக் கும்பிடும், தாயும் மகளும் சேர்ந்த கிறிஸ்தவச் சபையைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், அந்த மணியோடுதான் தாயைப் போலீஸ் இழுத்துப் போனது.

முழங்கை வரை செதில் மினுங்க, நீலத் தலைக்கட்டோடு நிற்பாள். பேரம் பேசுகிறவர்களிடம், "மீனுக்குத்தான் உயிர் போச்சு, எனக்கு இன்னும் போகல" என்பாள். கடவுளின் வீடு எதுவானாலும் வெறுங்கால்தான். சாவு வீட்டாரோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனபோதும் அப்படித்தான். சிரித்தவர்களை, "கர்த்தர் வீட்டுக்குள்ள செருப்போடயா?" என்று அடக்கினாள்.

அந்தக் கோயில்தான் இப்போது அவளைத் தள்ளிவிட்டது. தாயில்லாமல் அவளிடம் வளர்ந்த தங்கை மகள் டெனெல், தன் குழந்தைக்குப் பெரியம்மாவே ஞானத்தாய் என்றிருந்தாள். பாதிரியார் மறுத்தார்.

"சாட்சியா ஓரமா நிக்கலாம். உங்க பக்தியில பாதி பைபிள், பாதி புறஜாதி வழிபாடு."

"என்னை ஆத்துல மூணு தரம் முக்கி எடுத்தாங்க, ஃபாதர். நீங்க சொல்ற அதே மூணு பேரைச் சொல்லித்தான். அதுல எது கள்ளப்பேரு?"

"அந்தச் செம்பு?"

"ஞானஸ்நானத் தண்ணிய நீங்க சிப்பியில ஊத்துறீங்க, நான் செம்புல ஊத்துறேன்."

திருச்சபை ஏற்காத பக்தி வழிதவறிய பக்தி என்று அவர் நிதானமாகச் சொன்னார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அதைவிடச் சுட்டது டெனெல் சொன்னது. "புள்ளைக்காகப் பொறுத்துக்க, பெரியம்மா. மணி மட்டும் வேணாம்."

அன்று செதில் உரித்த வேகத்தில் மீனின் தோலும் கிழிந்து வந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்த பாதிரியாருக்கு வஞ்சிரம் வெட்டிக் கொடுத்தாள். எப்போதும் எடுத்துத் தரும் முள்ளை மட்டும் எடுக்கவில்லை.

ஞானஸ்நானத்தன்று வெள்ளை உடுப்பில், மணியில்லாமல் வந்தாள். கோயில் படியில் பழக்கத்தில் குனிந்து செருப்பு வாரைத் தொட்டாள். உள்ளே டெனெல் கணவனின் அக்காள் ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நின்றாள். பாதிரியார் சிப்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

இஸ்மேயின் விரல்கள் நின்றன. வாரை ஒரு துளை இறுக்கிப் பூட்டினாள். கல்தரையில் செருப்புச் சத்தம் அதிர, உள்ளே நடந்தாள்.