காலி வண்டியின் எடை

எடைமேடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் போய், "கொஞ்சம் முன்னே பின்னே போட்டுக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்! லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் எல்லோருக்கும் அவர் 'கிலோ அண்ணன்'.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், கொழுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்: "கொழுப்பு மட்டும் காரணம் இல்லீங்க. அது படிஞ்ச இடத்துல ரத்தக்குழாயோட சுவர் புண்ணு மாதிரி கொதிச்சுக்கிட்டே இருக்கு. அழற்சின்னு சொல்லுவோம். அதைத் தணிக்க ஒரு மாத்திரையைச் சோதிச்சுப் பார்க்கிறோம். மூணு வருஷம், தினம் ஒண்ணு. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. மத்த மருந்தெல்லாம் எல்லாருக்கும் உண்டு."

அண்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்ச மாத்திரைகளை நர்ஸ் எண்ணுவாள். ஒன்றுகூடப் பிசகியதில்லை. ஒருநாள் காலையில் ஒரு மாத்திரை கை நழுவித் தண்ணீர்க் குழாயடியில் போய்விட்டது. உடனே நர்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஒண்ணுதானே அண்ணே, விடுங்க."

"ஒண்ணுன்னாலும் ஒண்ணுதாம்மா. எழுதிக்குங்க."

அவர் மனைவியின் தம்பி லாரி ஓட்டுபவன், வாய்த்துடுக்குக்காரன். "என்ன மாமா, இன்னைக்குச் சாக்பீஸ் சாப்பிட்டாச்சா?" என்பான்.

"போடா! எனக்கு வந்திருக்கிறது அசல். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதே இல்ல. உடம்பு சொல்லுது" என்று நெஞ்சை நிமிர்த்துவார் அண்ணன். பார்ப்பவர் எல்லோரிடமும் இதே பேச்சுதான்.

மூன்று வருஷம் கழித்து முடிவு வந்தது. அசல் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வந்தது குறைவாம். அண்ணன் பூரித்துப் போய், தனக்கு எது கொடுத்தார்கள் என்று எழுதி வந்த உறையைப் பிரித்தார். அவருக்குக் கொடுத்தது மருந்தில்லாத மாத்திரை.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "நிறுத்துடா!" என்று அக்கா அதட்டியும் அடங்கவில்லை. அண்ணனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இனி அசலையே சாப்பிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட அவர் பார்க்கவில்லை. மூன்று வருஷம் வீணாய்ப் போச்சே என்று ஒரே நினைப்பு.

மறுநாள் ஜல்லி லோடோடு ஒரு புது டிரைவர் மேடையில் ஏறினான். "இன்னைக்கு அவசரம். காலி வண்டி எடை எல்லாம் எதுக்குங்க? லோடு எவ்வளவுன்னு மட்டும் போட்டுக் குடுங்க."

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "கூறு கெட்டவனே! காலி வண்டி எடை தெரியாம லோடு எவ்வளவுன்னு எப்படிய்யா சொல்றது?"

சொன்ன சொல் அவருக்கே உறைத்தது. பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு நர்ஸுக்குப் போன் போட்டார். "அம்மா, நான்தானே காலி வண்டி? என்னை வச்சுத்தானே அந்த மாத்திரைக்கு எவ்வளவு பலம்னு பார்த்தீங்க?"

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. "ஆமாண்ணே! உங்கள மாதிரி ஆளுங்க ஒழுங்கா இருந்ததாலதான் கணக்கே நின்னுச்சு."

அன்றைக்கு அவர் நடையைப் பார்க்க வேண்டுமே! புது டிரைவருக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து மைத்துனனுக்கு நெஞ்சு வலித்தது. அவனுக்கும் ஸ்டென்ட். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் மருந்துப் பையைப் பிரித்து ஒரு அட்டையை நீட்டினான். அதே மாத்திரை. கேலியெல்லாம் எங்கே போனதோ!

"மாமா... நெசமாவே இது வேலை செய்யுமா?"

அண்ணன் அட்டையை வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"செய்யும்டா. ஒருநாள் விடாமச் சாப்பிடு. இதுக்குக் காலி எடை போட்டுக் குடுத்தவன் நான்."