பின்வாசலை அடைத்த மியூசியம்

எங்கள் வீட்டை சர்க்கார் மியூசியமாக்கியபோது முதலில் செய்த வேலை, பின்வாசலுக்கு ஆணி அடித்ததுதான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போர்ட் பிளேர் பஜாரில் முழுக்கப் படாக் மரத்தால் கட்டிய பழைய வியாபாரக் கட்டடம் அது. கீழே வாப்பாவின் துணிக்கடை, மேலே நாங்கள். எங்கள் சொந்த ஊரான கீழக்கரை வழக்கப்படி பெண்களுக்குப் பின்பக்கம் தனிச் சந்து, தனி வாசல், தனிப் படி. மேல் ஜன்னல்களும் சந்துப் பக்கமே. கடைக்கு மேலேயே அத்தனை வருஷம் குடும்பம் நடத்திய உம்மா, கடைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்தபின், அதே ஊரில் டாலிகஞ்ச் பக்கம் வாடகைக்குப் போனோம். மியூசியம் திறந்ததிலிருந்து உம்மாவுக்கு ஒரே நினைப்பு: என்னைப் பெற்ற மேலறையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். கூட்டிப்போனேன். உம்மா பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பினார்.

"சாம்னே சே ஆவோ, மாஜி" என்று காவல்காரர் முன்பக்கம் கையைக் காட்டினார்.

"எங்க வீட்டுக்கு எப்படிப் போவணும்னு நீ சொல்றியா?" என்று சண்டைக்கு நின்றேன். அவருக்குத் தமிழ் புரியவில்லை, குரல் புரிந்தது.

உம்மா என் கையைப் பிடித்தார். "விடு புள்ள. கடை வழியாவே போவோம். வெக்கப்பட இப்ப யாரு இரிக்கா அங்கன?"

துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நுழைந்தார். வாப்பா உட்காரும் மெத்தையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உம்மா கயிற்றைத் தூக்கிவிட்டுப் போய் ஜம்மென்று உட்கார்ந்தார். நான் சிரித்தேன். அவர் தெருவைப் பார்த்தார்.

"எதுத்தாப்ல என்ன, கூட்டமா நிக்கிறாக?"

"கப்பல் டிக்கெட் ஆபீஸ் உம்மா. மெயின்லேண்ட் போறவங்க."

உம்மா மெத்தை ஓரத்துக்கு நகர்ந்து அந்த வரிசையைப் பார்த்தார்.

"ஊர்ல எங்க உம்மா சீக்கா கெடக்காகன்னு தந்தி வந்தப்ப ஒங்க வாப்பாகிட்ட அழுதேன். டிக்கெட் எடுக்க ரொம்பத் தூரம் போவணும், கடைய யாரு பாக்குறதுன்னாக. அடுத்த கப்பலுக்குப் பாப்போம், அடுத்த கப்பலுக்குப் பாப்போம்னே சொன்னாக. கடைசியில மவுத்துத் தந்திதான் வந்துச்சு." என் முகத்தைப் பார்த்தார். "இந்த ஆபீசு அப்பவும் இங்கனதான் இருந்துச்சா?"

இல்லை, புதுசு என்று சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதில் கடைவாசலில் விளையாடும்போது, அந்த வரிசையில் நின்றவர்களின் டிரங்குப் பெட்டிகள்மேல் ஏறிக் குதித்தவள் நான். வாப்பாமேல் அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததேயில்லை. பொய் வரவில்லை.

"இருந்துச்சு உம்மா."

எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

"மேலறை பாக்கலையா?"

"மேல இருந்தது போதும் புள்ள."