வரைபடத்தில் வராத பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன், மில்பிடாஸில், குளிர்காலத்து முற்பகல் ஒன்றில் நடந்தது இது. வளைகுடாவிலிருந்து ஏறிவந்த மூடுபனி கலையாமல், பார்க்கிங் லாட் பாதி மறந்துபோன கனவு மாதிரிக் கிடந்தது.

நிறுவனங்களின் தரவுகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. பீரோ அளவு பெட்டிகள், உள்ளே அடுக்கடுக்காக டிஸ்க்குகள். ஒரு மென்பொருள் ஒவ்வொன்றையும் “இருக்கிறாயா?” என்று கேட்கும். பதில் சொன்னவை திரையில் பச்சைப் புள்ளியாய் மலரும். விமானத்திலிருந்து ஊர் விளக்குகளைப் பார்ப்பதுபோல அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அன்று பழைய பெட்டிகளைக் கழிக்கும் நாள். டிஸ்க்குகளைத் தூளாக்கும் வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு பெட்டி மட்டும் வரைபடத்தில் வரவில்லை. டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்கள் அதில் இருந்தன. எல்லாம் புதிய பெட்டிக்கு மாறிவிட்டன என்று பேச்சு. மாறியிருக்காவிட்டால்? வேறு நகல் உண்டா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

முகவரியைச் சரிபார்த்தேன். பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டேன். தேடலை மறுபடி மறுபடி ஓடவிட்டேன். மௌனம்.

“மேப்ல இல்லன்னா டெட்தான் ஜி,” என்றார் பின்னால் வந்து நின்ற மேனேஜர். “ட்ரக்குக்காரன் வெயிட் பண்றான். சைன் பண்ணிடுங்க.”

விரல் திரையில் கையெழுத்திடும் இடம்வரை போய்விட்டது. என்னவோ நெருடியது. எங்கள் நியூஜெர்சி அலுவலகத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் ஒரு பெண். ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். நான் வாய்க்குள் முனகிய ‘ஐயய்யோ’ காதில் விழுந்ததும் அவருடைய ஆங்கிலம் நின்றது. யாழ்ப்பாணத் தமிழ் வந்தது.

“அண்ணா, அவசரப்படாதேங்கோ. பெட்டிக்கு முன்னால போய் நிண்டு பாத்தனீங்களோ?”

“இல்லைங்க. மேப்ல வரவே இல்லையே.”

“உங்கட டீம் சார்ட்டில என்ர படமும்தான் இல்லை. அதுக்காக நான் செத்துப் போனேனோ?”

சிரித்துக்கொண்டே, போனைக் காதில் வைத்தபடி, பெட்டிகள் நிற்கும் குளிரறைக்குள் போனேன். உள்ளே ஆயிரம் மின்விசிறிகளின் ஒரே சுருதி. கடலுக்கடியில் நடப்பது போலிருந்தது. கடைசி வரிசையில் அந்தப் பெட்டி. அதன் பின்புறக் கேபிள் நுனியில் ஒரு பச்சை விளக்கு, தூங்குகிறவரின் இமைக்குள் விழி அசைவதுபோல, விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

“மினுங்குதுங்க,” என்றேன். விசிறி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்ப ஆரோ வாசிச்சுக்கொண்டிருக்கினம். கையெழுத்து வைக்காதேங்கோ.”

பெட்டியிலிருந்து தரவு போகும் வழி வேறு, மென்பொருள் அதை நலம் விசாரிக்கும் வழி வேறு. தெரிந்த பாடந்தான், திரையின் அழகில் மறந்திருந்தேன். டெக்சாஸில் யாரோ ஒரு மருத்துவர் அந்த நிமிடம் யாரோ ஒருவரின் நெஞ்சுக்கூட்டைத் திரை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நான் இங்கே அதைத் தூளாக்க விரல் நீட்டியிருந்தேன்.

பிறகு அந்தப் பெண் வழியெங்கும் தேடிக் கோளாறைக் கண்டுபிடித்தார். எங்கள் கேள்வி பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டியும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் வேறு வழியாகத் திரும்பி வந்து, நாங்கள் புதிதாக நிறுத்திய பாதுகாப்புச் சுவரான ஃபயர்வாலில் முட்டி உதிர்ந்திருக்கிறது. வழியைத் திறந்ததும் திரையில் மெல்ல ஒரு புள்ளி பூத்தது. மருத்துவமனையைக் கேட்டோம், ஒரு பிரிவின் படங்கள் இன்னும் மாறவே இல்லையாம். மேனேஜர் வெளியே போய், மற்றப் பெட்டிகளோடு வண்டியை அனுப்பிவிட்டு வந்தார்.

போன மாதம், பல வாரங்களாக என் செய்திகளுக்குப் பதிலே போடாத நண்பரின் வீட்டுக் கதவை ஒரு சனிக்கிழமை போய்த் தட்டினேன். மெலிந்த முகத்தோடு திறந்தார். “வா, காபி போடறேன்” என்றார். பதில் வராததால் ஒருவர் இல்லையென்று ஆகிவிடாது. போய் எதிரில் நிற்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் அந்த முற்பகல் இன்னும் என் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.