பூசணிக்காய்க் கும்பல்

என்னைப் பார்த்தால் ஒரு கும்பலின் தலைவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துபாயில், தேரா பகுதியில் ஒரு கம்பெனியில் பில் அடிக்கும் வேலை. கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறிவிடுவேன். ஆனாலும் போலீஸ் கணக்கில் தலைவன் நான்தான்.

எங்கள் ரூமில் நாலு பேர். மூத்தவர் புதுக்கோட்டைக்காரர், டிரைவர். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அவருக்குக் கம்பெனியில் புது வேன் கொடுத்தார்கள். புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்காமல் விடலாமா என்று கிளப்பிவிட்டவன் நான். வெள்ளிக்கிழமை காலை பார்க்கிங்கில் பூசணிக்காயில் கத்தியால் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே சூடம் கொளுத்தி, வண்டியைச் சுற்றி ஓங்கிப் போட்டு உடைத்தேன். தரையெல்லாம் சிவப்பு. நடுவில் தீ. என் கையில் கத்தி. எதிர்மாடியிலிருந்து பார்த்த புண்ணியவான் போலீஸைக் கூப்பிட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

ஸ்டேஷனில் மற்ற மூவரும் வாயைத் திறக்கவில்லை. நான் இங்கிலீஷில் விளக்கினேன். கெட்ட பார்வை, எதிரி, ரத்தத்துக்குப் பதில் குங்குமம் என்று நான் பேசப் பேச அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் உத்தரவு போட்டார்கள்: நாங்கள் நாலு பேரும் பொது இடத்தில் ஒன்றாகச் சேரக் கூடாது, சேர்ந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதிகம் பேசியவனைத் தலைவன் என்று எழுதிக்கொண்டார்கள். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரூமுக்குள் ஒரே சட்டியில் சாம்பார், வாசலைத் தாண்டினால் யாரோ எவரோ. ஒருநாள் சலூனில் நாலு பேரும் தற்செயலாகச் சேர்ந்துவிட, பாதி மழித்த கன்னத்தோடு எழுந்து ஓடினேன்.

மறு வருஷம் டிரைவர் அண்ணனுக்கு முதுகெலும்பு விலகிவிட்டது. வண்டி ஓட்ட முடியாது என்றதும் விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள். இனி வரமாட்டார்.

"ஏர்போர்ட்டுக்கு நீங்க மூணு பேரும் வரணும்டா. ஒத்தையா உள்ள போனா அழுதுருவேன்" என்றார்.

ஏர்போர்ட்டும் பொது இடம்தானே. உத்தரவை ஒரு நாளைக்காவது தளர்த்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். 'எங்கள் கும்பல் பணிவுடன் வேண்டிக்கொள்வது' என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருந்தேன். யாரும் கேட்காமலே கும்பல் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்ட புத்திசாலி நான்.

அதே அதிகாரி. மனுவைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். விஷயத்தை இந்தியில் விசாரித்துவிட்டு, "அச்சா பாய், நாலு பேரும் போங்க" என்றார்.

வந்ததுதான் வந்தோம் என்று, உத்தரவையே மொத்தமாக ரத்து செய்யச் சொல்லிக் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நாலு பேர் சேரக் கூடாதுங்கிறதுதானே உத்தரவு? நாளைக்கு அவர் போயிட்டா நீங்க எப்படிச் சேருவீங்க? கலாஸ், முடிஞ்சுது" என்று ஃபைலை மூடினார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வெளியே வந்து ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே போய்க்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் நின்று, என்ன கேஸ் என்று கேட்டார்.